சீர்த்தட்டில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய்

போன தை மாதம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வளைகாப்பு. மண்டபத்தில் சீர்த்தட்டு 21. முதலில் எண்ணியபோது இருபதுதான் இருந்தது. ஒற்றைப்படையாக வரவேண்டும் என்று கடைசி நேரத்தில் ஒரு தட்டில் வெறும் சாக்லேட்டைக் கொட்டிக் கணக்கைச் சரிசெய்தார்கள். மினுமினுக்கும் கண்ணாடித்தாள் சுற்றிய பாதாம், முந்திரி. உட்கார்ந்தால் ஒரு நாற்காலியை அடைத்துக்கொள்ளும் கரடிப் பொம்மை. சின்னக் கண்ணாடிச் சிமிழில் குங்குமப்பூ. நான் கொண்டுபோனது ஒரு லிட்டர் நல்லெண்ணெய், ஒரு கிலோ கருப்பு உளுந்து, இரண்டு கிலோ பூங்கார் அரிசி. எண்ணெய் பாட்டிலைத் தட்டில் வைத்ததும் பெண்ணின் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, நல்ல காரியத்துல எண்ணெயக் கொண்டாந்து வெக்கிற? எள்ளு எதுக்கு ஆவும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எள்ளும் தண்ணீரும் எதற்கு என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்? சபையில் வாக்குவாதம் வேண்டாமென்று பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தேன். "இது இப்ப இல்ல தங்கச்சி, பெத்து வந்தப்புறம் உளுந்தங்களிக்கு" என்றேன். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "செக்குல ஆட்னதாக்கா?" என்று கேட்டு, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அந்த ஒளித்துவைத்தலில் எனக்குத் திருப்தி. வீட்டில் ஒளித்துவைக்கப்படும் பொருள்தான் கடைசியில் பயன்படுகிறது.

நான் 27 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செங்கல்பட்டு பக்கத்து ஏரிக்கரை ஊர்களில் பாதி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களில் பாதி. இப்போது வீடு கொளவாய் ஏரிக்கு அருகில். எத்தனை வளைகாப்புக்குப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, கர்ப்பிணி என் நோட்டில் இருந்தால் அழைப்பு வந்துவிடும். பிரசவம் முடிந்து நாற்பது நாள் வரை அந்த வீட்டுக்கு மறுபடி மறுபடி போவதும் என் வேலை. அதனால் சீர்த்தட்டில் வந்ததெல்லாம் பிறகு என்ன ஆனது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. கரடி பீரோமேல் தூசி படிந்து கிடக்கும். பாதாமில் பாதியை மாமனார் தின்றிருப்பார். குங்குமப்பூச் சிமிழ் சாமி மாடத்தில் இருக்கும். ஏழாம் மாதத்துக்குமேல் பாலில் போட்டுக் குடித்தாலும் முதல் மாதத்திலிருந்தே குடித்தாலும், பிள்ளையின் நிறம் அதனால் மாறாது. அந்தக் காசுக்கு அவள் மாதக்கணக்கில் தினம் ஒரு முட்டை தின்னலாம்.

இத்தனை வீடு ஏறி இறங்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: வளைகாப்புச் சீர் பிள்ளைக்கு இல்லை, பெறப்போகிறவளுக்கு. அவள் வாயில் போகிற பொருளாக இருக்கவேண்டும். அவள் வீட்டில் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த பொருளாக இருக்கவேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகவும் வேண்டும். நினைவுக்கு வைத்துக்கொள்ள அவள் கையில் கண்ணாடி வளையல் இருக்கிறது.

அரசாங்கமே இதைப் புரிந்துகொண்டுதான் செய்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் என்றால் அதில் 14,000தான் பணம். மிச்சம் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். உள்ளே ஆவின் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு. அங்கன்வாடிகள் மூலம் நடத்தும் சமுதாய வளைகாப்பில் வளையலோடு கலந்த சாதமும் உண்டு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். மாமியார் வீட்டில் எதுவும் செய்யாத பெண்கள் அன்று வரிசையில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டு, அந்தச் சோற்றைச் சாப்பிடும்போது முகம் பார்க்கவேண்டும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது சாமி மாடத்தின் திருநீற்றுத் தட்டுக்கு. அதில் மூன்று விரல் அள்ளிய தடம் ஆழமாக இருந்தால், அந்தப் பெண் திருநீறு தின்கிறாள் என்று அர்த்தம். கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். சாம்பல், சாக்குக்கட்டி, சுவர்மண் மேல் ஆசை வருவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. அப்படிப்பட்டவளுக்கு நீங்கள் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தட்டுக்கடைக்காரர் சொல்லமாட்டார்.

எங்கள் பகுதியிலேயே கிடைப்பவை போதும். கம்பு, கேழ்வரகு, கருப்பு உளுந்து. மதுராந்தகம், செய்யூர் பக்கத்து மணற்பாங்கான கொல்லைகளில் விளையும் மல்லாட்டை. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மணிலா என்பவர்களும் உண்டு. நிழலில் காயவைத்து இடித்த முருங்கைக்கீரைப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. இதோடு பத்து எலுமிச்சம்பழமோ அரைக்கிலோ நெல்லிக்காயோ சேர்த்து வைத்தால் சீர் முழுமையாகும், ஏனென்றால் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பை உடம்பு வாங்கிக்கொள்ள அந்தப் புளிப்பு உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு "போட்டுட்டேன் சிஸ்டர்" என்று சொன்னவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அரிசியில் பூங்காரை நான் எடுப்பதற்குக் காரணம், அது குறுகிய காலத்தில் வரும் சிவப்பரிசி. கர்ப்பிணிக்கும் பெற்றவளுக்கும் கஞ்சி வைக்கும் வழக்கம் இந்தப் பக்கம் பழையது. செங்கற்பட்டு சிறுமணி என்று எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய நெல்லும் உண்டு. நெல் ஜெயராமனைப் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பழைய நெல்லைத் திரட்டியிருக்காவிட்டால் பூங்கார், கருப்புக் கவுனி என்றெல்லாம் இன்று செங்கல்பட்டு பஜாரில் வாய்திறந்து கேட்க முடியாது. ஆனால் சிவப்பரிசி வேக நேரம் பிடிக்கும், ஊறவைக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண் என்றால் முழு அரிசியாகக் கொடுக்காமல் வறுத்து உடைத்த கஞ்சி நொய்யாகவோ அவலாகவோ கொடுங்கள். இல்லாவிட்டால் அது வண்டு பிடித்துக் கோழிக்குப் போகும். நான் பார்த்திருக்கிறேன்.

இனி எண்ணெய். 'எள் நெய்'தான் எண்ணெய் ஆனது என்பார்கள் தமிழ் வாத்தியார்கள். அதாவது மற்ற எண்ணெய்க்கெல்லாம் பெயர் கொடுத்ததே எள். அதில் 'நல்ல' என்று ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. அப்படியிருந்தும் சீர்த்தட்டில் அதற்கு இடமில்லை.

நான் வாங்கும் செக்கு செங்கல்பட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாகை மரத்தில் குடைந்த உரல், மோட்டாரில் சுற்றும் உலக்கை. எள்ளைக் கொட்டிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அது மாவாகி உலக்கையைச் சுற்றிப் படியும்போது கருப்பட்டியை உடைத்துப் போடுவார்கள். கருப்பட்டி விழுந்ததும் பிண்ணாக்கு ஒருபக்கம் இறுகி, எண்ணெய் மறுபக்கம் பிரியும். அந்த நேரத்து வாசனைக்காகவே நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன். ஆட்டின எண்ணெயை உடனே பாட்டிலில் அடைக்கமாட்டார்கள். அகலப் பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய துணி கட்டி வெயிலில் வைத்து, வண்டல் கீழே தங்கிய பிறகு மேலாக வடிப்பார்கள்.

செக்கெண்ணெய் என்று சொல்லி விற்பதெல்லாம் செக்கெண்ணெயா? எனக்குச் செக்குக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும். மல்லாட்டைப் பருப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொப்பரை ஒன்றே முக்கால் கிலோவுக்குள் அடங்கும். எள் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக் கிலோவுக்கு 500. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, கரண்டும் கூலியும் கூட்டினால் மறுபடி அங்கேதான் வந்து நிற்கும். ஒருவர் லிட்டர் 280-க்குத் தருகிறார் என்றால் அவர் தருமம் செய்கிறாரா, வேறு எதையாவது கலக்கிறாரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கடையில் எண்ணெய் விலையைக் கேட்கும் முன் எள் என்ன விலை என்று கேளுங்கள். முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்.

மல்லாட்டை எண்ணெயில் இன்னொரு கவனம் வேண்டும். பூஞ்சணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும்; அது ஈரலைக் கெடுக்கும். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த நஞ்சு தங்கிவிடும். அதனால் செக்கில் ஆட்டக் கொட்டிவைத்திருக்கும் பருப்பை ஒரு கை அள்ளிப் பாருங்கள். சுருங்கிக் கறுத்ததும் பச்சையாகப் பொடி படிந்ததும் தெரிந்தால் வேண்டாம். "இயற்கை" என்று எழுதி ஒட்டினால் பூஞ்சணமும் இயற்கைதானே.

நெய் கொடுக்க நினைப்பவர்கள் டப்பா நெய்யைவிட வெண்ணெயாக வாங்கி வீட்டிலேயே உருக்கிக் கொடுங்கள். உருகி அடங்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டால் மொறுமொறுப்பாகப் பொரியும். அந்தக் கீரையை நீங்களே சாப்பிட்டுவிடலாம், அது உங்களுக்கான கூலி.

இதையெல்லாம் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதா? 2007-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறோம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பது. 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா, அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் நாடு முழுவதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்த வாரம் என் பரிசோதனை நோட்டில் எண்கள் எகிறும். அதிரசம், லட்டு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அந்த எண்களுக்குள் இருக்கும். "சக்கர இல்ல சிஸ்டர், கருப்பட்டிதான்" என்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், பனையில் இருந்து வந்தது என்பதற்காக ரத்தம் அதற்குச் சலுகை காட்டாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன், என் டீயில் அதுதான். ஆனால் சர்க்கரை இருக்கும் கர்ப்பிணிக்கு நான் அதைச் சீராகக் கொடுப்பதில்லை. அவளுக்கு வறுத்த மல்லாட்டை, பயறு, எலுமிச்சை, மோர்மிளகாய் போடாத பருப்புப்பொடி. ரத்தக்கொதிப்பு இருந்தால் ஊறுகாயும் வடகமும் கூடாது. ஒரு போன் போட்டுக் கேட்டால் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விளக்கெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், அதில் நல்லதும் ஆபத்தும் ஒரே பாட்டிலில் இருக்கின்றன.

கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆயா ஒருவர் இன்னும் வீட்டில் ஆமணக்கெண்ணெய் எடுக்கிறார். கொட்டையை இரும்புச் சட்டியில் சூடு ஏற வறுத்து, உரலில் போட்டுக் கையில் ஒட்டும் பதத்துக்கு இடித்து, பெரிய மண்சட்டியில் தண்ணீரோடு விறகடுப்பில் கொதிக்கவிடுவார். ஒரு மணி நேரத்துக்குமேல் கொதித்ததும் எண்ணெய் நுரையோடு மேலே எழும். கொட்டாங்கச்சி அகப்பையால் அதை மட்டும் பொறுமையாக மொண்டு இன்னொரு சட்டியில் ஊற்றி, சடசடவென்ற ஓசை நிற்கும்வரை மறுபடி காய்ச்சுவார். ஓசை நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். நான் பார்த்த அன்று மூன்று படி கொட்டைக்கு ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. "கடையில வாங்கனா வேல மிச்சமாவுது, ஆனா வவுத்துல தடவறதுக்கு அத எப்டி நம்பறது?" என்றார். அடியில் தங்கிய சக்கையை மாட்டுக்கு வைக்காமல் குழிதோண்டிப் புதைத்தார். ஆமணக்கில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது எண்ணெயில் கரையாது, சக்கையில் நின்றுவிடும். இதை ஆயா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எப்போதோ ஒரு கன்று செத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எண்ணெயை அடிவயிற்றிலும் இடுப்பிலும் இதமாகத் தடவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தஞ்சாவூர் மாவட்டம் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் சுகப்பிரசவத்துக்கென்று விளக்கெண்ணெயைத்தான் பிரசாதமாகத் தருகிறார்கள், வயிற்றில் தடவிக்கொள்ளத்தான். குடிப்பதுதான் கூடாது. ஒன்பதாம் மாதம் ஆனதும் வலி வரட்டும் என்று ஒரு கரண்டி கொடுக்கும் பழக்கம் குப்பங்களில் இருந்தது, இப்போதும் ஒழிந்துவிடவில்லை. விளக்கெண்ணெய் குடலைச் சுருக்குகிற அதே வழியில் கருப்பையையும் சுருக்குகிறது என்று 2012-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் ஒன்று கண்டுசொன்னது. நாள் ஆகாமல் வலி வந்து, நடுராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆம்புலன்சுக்குக் காத்திருந்த ஒருத்தியோடு நானும் நின்றிருக்கிறேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். விளக்கெண்ணெய் கொடுப்பதானால் பாட்டிலின் மேல் "தடவ மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

எழுதி ஒட்டும் இந்தப் பழக்கம் எனக்கு வந்தது என் சொந்தத் தப்பால்தான். என் நாத்தனார் மகளின் வளைகாப்புக்குப் பிரசவ லேகியம் கிளறி எடுத்துப்போனேன். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நெய், நல்லெண்ணெய். பிள்ளை பிறந்தபின் காலையில் சுண்டைக்காய் அளவு சாப்பிடவேண்டியது. யாரிடமும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். இனிப்பாக இருக்கிறதே என்று அந்தப் பெண் ஏழாம் மாதத்திலேயே கரண்டி கரண்டியாகத் தின்று, நெஞ்செரிச்சலும் பேதியுமாக மூன்று நாள் படுத்துக்கிடந்தாள். "நர்சு வீட்டு லேகியம்" என்று இன்றைக்கும் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு.

கடலோரத்துக்கு வருவோம். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒரு மீனவர் வீட்டு வளைகாப்பில் பெண்ணின் சித்தி கொண்டுவந்த சீர், உலர்ந்த நெத்திலிக் கருவாடு ஒரு கூடை. தட்டில் வைக்கவில்லை, வாசலில் வேலிப்பக்கம் மாட்டிவைத்திருந்தாள். "அதுக்குத்தான்க்கா பால் ஊறும்" என்றாள். அந்த வீட்டில் பிள்ளை பிறந்த பத்தாம் நாள் நான் போனபோது பால்சுறா புட்டு நடந்துகொண்டிருந்தது. மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, மணல்தாள் போன்ற தோலைச் சொரசொரவென்று உரித்து, சதையைத் துணியில் பிழிந்து உதிர்த்து, இரண்டு கை பூண்டும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் வதக்குவார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. ருசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது. அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. குப்பத்தில் போய் நான் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, "நாங்கல்லாம் சுறா தின்னுதான் பெத்தோம், இவங்களுக்கு மட்டும் இன்னா வந்துச்சு?" என்று கேட்டார். அவரை வாதத்தில் ஜெயிக்க என்னால் முடியவில்லை. பேரம்தான் பேசினேன். சுறா வேண்டாம், காரப்பொடியும் நெத்திலியும் கவலையும் வேண்டிய மட்டும் ஆக்கிப்போடுங்கள் என்றேன். காரப்பொடிக் குழம்பும் பால் ஊறுவதற்கு என்று அவர்களே சொல்வதுதான். சின்ன மீன், குறைந்த நாள் வாழ்வது, பாதரசம் சேர நேரமில்லை. பாட்டி பாதி ஒத்துக்கொண்டார். கருவாடு கொடுப்பதானாலும் உப்பு நிறையப் போட்ட பெரிய மீன் வேண்டாம். வெயிலில் நன்றாகக் காய்ந்த நெத்திலி, மணல் படாமல் வலைமேல் காயவைத்தது கேட்டு வாங்குங்கள். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருபவர்கள் சங்கும் கல்சிலையும் வாங்கிப் போகிறார்கள். இரண்டு கல் தெற்கே போனால் இந்தக் கருவாடு கிடைக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன், கேட்பவரைக் காணோம்.

பிள்ளைக்கென்று கொடுப்பவற்றில் நான் ஒரே ஒன்றைத்தான் வைப்பேன். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய். முற்றிய தேங்காய் பத்தைத் துருவி, முதல் பாலை மட்டும் அடிகனமான சட்டியில் சிறு தீயில் வைத்துக் கிளறினால், பால் திரிந்து, கசடு பழுப்பாகி, தெளிந்த எண்ணெய் பிரியும். பத்துக் காய்க்கு அரை லிட்டருக்குமேல் கொஞ்சம் வரும். பிள்ளைக்கு மேலே தடவ அது போதும். காதில், மூக்கில், கண்ணில் ஒரு சொட்டும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலில் கொண்டுவிடும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அப்படி ஒரு பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

வசம்பு வேண்டாமா என்பீர்கள். பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப்பெயரும், இரவில் பேர் சொல்லாதது என்று மரியாதையும் பெற்ற சரக்கு. சின்ன மணிகளாகக் கோத்துக் கையில் கட்டும் பழக்கத்தை நான் தடுத்ததில்லை. சுட்டு உரசி நாக்கில் தடவுவதைத் தடுத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீரும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனையும் நான் சீர்த்தட்டில் வைப்பதில்லை. தேன் அம்மாவுக்கு நல்லதுதான். ஆனால் தேன் இருக்கும் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் சேனை வைக்கிறேன் என்று பிறந்த பிள்ளை நாக்கில் தொட்டுவைப்பார். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்தால் கைகால் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம்.

சித்த மருந்தாகவே ஏதாவது கொடுக்க ஆசை இருந்தால், நம் மாவட்டத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இலிருந்து இருக்கிறது. கர்ப்பிணியையே கூட்டிப்போய்க் காட்டி வாங்கிக் கொடுப்பது முறை. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986-இலிருந்து மூலிகைச் செடிகள் வளர்க்கிறது. நான் அங்கிருந்து கொடுப்பது மருந்து இல்லை, செடி. ஒரு முருங்கைப் போத்து, ஒரு கறிவேப்பிலைக் கன்று, தொட்டியில் ஒரு தூதுவளை. வாடகை வீட்டுப் பெண்ணுக்குத் தொட்டி, கொல்லை இருக்கும் வீட்டுக்குப் போத்து. நட்டுக் கவனித்தால் பிள்ளை தளர்நடை போடும் காலத்தில் அந்த முருங்கையில் கீரை ஒடிக்கலாம்.

திருக்கழுக்குன்றத்துப் பெண்ணுக்குச் சித்திரையில் பெண் குழந்தை. பதினெட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். கரடி பொம்மை மேல் நனைந்த துணி காய்ந்துகொண்டிருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்த பாட்டில் அடுப்பு மேடைக்கு வந்திருந்தது, முக்கால்வாசி காலி. உளுந்தங்களியைக் குழித்து எண்ணெய் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், அன்று என் கையைப் பிடித்த அதே ஆயா. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "அந்தச் செக்கு எந்தத் தெருவுல கீது?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்கும் சொல்கிறேன். செங்கல்பட்டோ மதுராந்தகமோ, உங்கள் ஊர்ச் செக்கு எதுவானாலும் வளைகாப்புக்குப் பத்து நாள் முன்பே சொல்லிவையுங்கள். எண்ணெய் தெளிய நாள் வேண்டும். எங்கள் செக்கில் எள் ஆட்டுவது செவ்வாயும் வெள்ளியும்தான். மற்ற நாளில் மல்லாட்டை, கொப்பரை. பாட்டிலை நீங்களே கொண்டுபோக வேண்டும், ஈரமில்லாமல்.